ஏஐ தவறவிட்டது, டாக்டர் கையெழுத்திட்டார்: பொறுப்பு யாருடையது?

இரவு 2:10. கடும் தலைவலியோடு வந்த ஒருவருக்குத் தலை சிடி ஸ்கேன் எடுத்தாயிற்று. அந்த மருத்துவமனையில் ஒரு ஏஐ மென்பொருள் ஓடுகிறது. மூளையில் ரத்தக்கசிவு இருப்பதுபோல் தெரியும் ஸ்கேன்களை, படங்களைப் படித்து நோயைச் சொல்லும் மருத்துவரான ரேடியாலஜிஸ்டின் வரிசையில் மேலே தூக்கி வைப்பது அதன் வேலை. மற்றவை வந்த வரிசையிலேயே நிற்கும். இந்த ஸ்கேனிலும் கசிவு இருக்கிறது, ஆனால் மண்டையோட்டை ஒட்டி மெல்லிய கோடாக. மென்பொருளுக்கு அது தட்டுப்படவில்லை. பணியில் இருப்பவர் ஒரே ஒரு ரேடியாலஜிஸ்ட். மேலே தூக்கப்பட்ட ஆறு ஸ்கேன்களைப் பார்த்து முடித்து இதைத் திறக்கும்போது மணி 4:25. திறந்த உடனே கசிவைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் நோயாளி அதற்குள் நினைவிழந்துவிட்டார்.

இது விவாதத்துக்காகக் கட்டிய நிகழ்வுதான். ஆனால் இதன் ஒவ்வொரு துண்டும் இன்று புழக்கத்தில் இருக்கும் கருவிகளின் இயல்பிலிருந்து எடுத்தது. வழக்கு என்று வந்தால் யார் என்ன சொல்வார்கள்? "நான் தப்பாகப் படிக்கவில்லை, எனக்கு வந்த வரிசையில் படித்தேன்" என்பார் ரேடியாலஜிஸ்ட். "எங்கள் கருவி வரிசைப்படுத்த மட்டுமே, நோயைக் கண்டறிய அல்ல என்று பயன்பாட்டுக் குறிப்பிலேயே அச்சிட்டிருக்கிறோம்" என்பது நிறுவனத்தின் பதிலாக இருக்கும். மருத்துவமனையோ "அனுமதி பெற்ற கருவியைத்தானே வாங்கினோம்" என்று கேட்கும். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சரிதான். நோயாளியின் குடும்பத்துக்கு மட்டும் பதில் சொல்ல ஆள் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கருவியே இல்லாமல் இருந்திருந்தால் இந்த ஸ்கேன் வந்த வரிசைப்படி 2:40க்கே படிக்கப்பட்டிருக்கக்கூடும். மேலே தூக்கப்பட்ட ஆறில் நான்கு பொய் அலாரம் என்றால், அந்த நான்கும் இவரது நேரத்தை எடுத்துக்கொண்டவை. ஏஐயால் வரும் தீங்கை, அது யாரைப் பற்றித் தப்பாகச் சொன்னதோ அவரிடம் மட்டும் தேடினால் போதாது. அதன் தவறால் பின்னுக்குத் தள்ளப்பட்டவரிடமும் தேட வேண்டும். தீங்குக்கும் காரணத்துக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்கச் சொல்லும் நீதிமன்றத்தில் இந்த இரண்டாவது வகைதான் வழக்கறிஞர்களுக்குப் பெரும் தலைவலி.

சட்டம் எங்கிருந்து தொடங்குகிறது

மருத்துவரின் கவனக்குறைவை அளக்கும் அளவுகோல் ஏஐக்கு வெகு முந்தையது. இங்கிலாந்தில் 1957இல் வந்த போலம் வழக்கின் தீர்ப்புப்படி, பொறுப்பான மருத்துவர்கள் அடங்கிய ஒரு தரப்பு சரியென்று ஏற்கும் முறையில் நடந்துகொண்டவர் கவனக்குறைவானவர் அல்லர். 1997இல் பொலிதோ வழக்கு அதற்கு ஒரு கடிவாளம் போட்டது: அந்தத் தரப்பின் கருத்து தர்க்கத்துக்கு நிற்க வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றமும் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் போலம் அளவுகோலையே எடுத்துக்கொண்டது. ஆக, "கருவி சொன்னது சரியா" என்று சட்டம் கேட்பதில்லை. "அந்த நிலையில் நியாயமான ஒரு மருத்துவர் என்ன செய்திருப்பார்" என்பதுதான் கேள்வி.

இதன் விளைவு கொஞ்சம் விசித்திரமானது. வழக்கமான சிகிச்சையை மாற்றச் சொல்லி ஏஐ பரிந்துரைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் அதை ஒதுக்கிவிட்டு வழக்கப்படியே செய்கிறார். ஏஐ சொன்னதே சரியாக இருந்து நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தாலும், இன்றைய அளவுகோலில் மருத்துவர் பெரும்பாலும் தப்பித்துவிடுவார். ஏஐயைக் கேட்டு வழக்கத்தை மீறி, அது தவறாகிப்போனால் மாட்டிக்கொள்வார். எனவே தற்காப்பை மட்டும் நினைக்கும் மருத்துவருக்கு, தான் ஏற்கனவே செய்ய நினைத்ததை உறுதிப்படுத்த மட்டும் ஏஐயைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. அந்த இடத்தில்தான் கருவியால் பயனும் குறைவு.

இந்த நிலை அப்படியே நிற்காது. 1932இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் டி.ஜே. ஹூப்பர் என்ற இழுவைப் படகு பற்றிய வழக்கு வந்தது. புயல் எச்சரிக்கையைக் கேட்க உருப்படியான வானொலி படகில் இல்லை, இழுத்துச் சென்ற சரக்குத் தெப்பங்கள் மூழ்கின. மற்ற படகுகளிலும் பெரும்பாலும் வானொலி கிடையாது என்ற வாதம் எடுபடவில்லை. ஒரு தொழில் முழுவதுமே பின்தங்கியிருக்கலாம், அதைச் சாக்காகச் சொல்ல முடியாது என்றார் நீதிபதி லேர்னெட் ஹாண்ட். ஒரு துறையில் ஏஐ நிரூபணமாகி பரவலாகிவிட்டால், "ஏன் பயன்படுத்தவில்லை" என்ற கேள்வியும் இப்படித்தான் வரும். மார்பகப் பரிசோதனையில் அதற்கான தடம் தெரிகிறது. ஸ்வீடனில் 80,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த மாசை ஆய்வின் 2023 இடைக்கால முடிவில், ஏஐ துணையோடு படித்த பிரிவில் படம் படிக்கும் பணிச்சுமை 44 சதவீதம் குறைந்திருந்தது. புற்றுநோய் கண்டுபிடிப்பு குறையவில்லை.

நிறுவனத்தின் பக்கம் வருவோம். குறைபாடுள்ள பொருளை விற்றவர், கவனக்குறைவு இருந்ததா இல்லையா என்று பார்க்காமல் இழப்பீடு தர வேண்டும் என்பது பொருள் பொறுப்புச் சட்டத்தின் அடிப்படை. மென்பொருள் ஒரு 'பொருளா' என்பதே பல நாடுகளில் நெடுங்காலம் இழுபட்ட கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி 2024இல் கொண்டுவந்த புதிய பொருள் பொறுப்பு உத்தரவு இதை முடித்துவைத்தது: மென்பொருளும் பொருளே, ஏஐயும் அதில் அடக்கம். தொழில்நுட்பச் சிக்கலால் குறைபாட்டை நிரூபிப்பது மிகக் கடினம் என்றால், சில நிபந்தனைகளோடு குறைபாடு இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கலாம். ஆவணங்களைத் தரச் சொல்லவும் முடியும். விற்ற பிறகு நிறுவனம் அனுப்பும் அப்டேட்டால் வரும் குறைபாடும் நிறுவனத்தின் கணக்கில்தான் சேரும். உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9க்குள் இதைத் தங்கள் சட்டமாக்க வேண்டும். ஏஐக்கென்றே 2022இல் முன்மொழியப்பட்ட தனிப் பொறுப்பு உத்தரவைக் கைவிடுவதாக 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையம் அறிவித்துவிட்டது. அதனால் ஒரு மருத்துவமனையோ மருத்துவரோ ஏஐயைக் கவனமின்றிப் பயன்படுத்தினால் என்ன என்பது மறுபடி அந்தந்த நாட்டுப் பழைய கவனக்குறைவுச் சட்டத்திடமே வந்து நிற்கிறது.

அமெரிக்காவில் நிறுவனங்களுக்கு ஒரு பழைய கேடயம் உண்டு. நோயாளிக்கும் பொருளுக்கும் நடுவில் விவரமறிந்த மருத்துவர் நிற்கிறார், அவரிடம் எச்சரித்துவிட்டால் எங்கள் கடமை முடிந்தது என்ற வாதம். மருந்துக்கும் உள்வைப்புக் கருவிக்கும் எழுந்த அந்தக் கோட்பாடு ஏஐக்குப் பொருந்துமா என்பது வேறு விஷயம். மருந்தின் பக்கவிளைவைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஏஐயின் உள்ளே கணக்குப் போடும் நரம்பணு வலைப்பின்னல், நோய் இருக்கும் வாய்ப்புக்கு இந்தப் படத்தில் ஏன் 0.38 என்று மதிப்பெண் போட்டது என்பதை எந்த 'விவரமறிந்த' மருத்துவராலும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

நடுவில் மருத்துவரே இல்லாத கருவியும் வந்துவிட்டது. நீரிழிவால் விழித்திரை கெட்டிருக்கிறதா என்று தானே முடிவு சொல்லும் ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஏப்ரலில் அனுமதி தந்தது. கருவி தானாக முடிவு செய்தால் பொறுப்பும் அதை உருவாக்கியவர் மேல் இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2019இல் நிலைப்பாடு எடுத்தது. அந்த நிறுவனமும் அதை ஏற்றுக் காப்பீடு எடுத்தது. நேர்மையான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். சந்தையில் அநேகக் கருவிகள் இதற்கு நேர்மாறான வழியில் போகின்றன. முடிவு எடுப்பதுபோலவே வேலை செய்துவிட்டு, "இது உதவி மட்டுமே, இறுதி முடிவு மருத்துவருடையது" என்று ஒரு வரி போட்டுவிடுகின்றன.

அந்த ஒரு வரி தாங்குமா

பாதுகாப்பு முழுவதும் அந்த வரியின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது: மனிதர் பார்த்துத் தவறைப் பிடித்துவிடுவார். மனிதர் பிடிக்கிறாரா?

2023இல் ரேடியாலஜி இதழில் வந்த ஓர் ஆய்வில் 27 ரேடியாலஜிஸ்டுகளிடம் 50 மார்பக எக்ஸ்ரேக்களைக் கொடுத்தார்கள். ஏஐ இப்படிச் சொல்கிறது என்று ஒரு மதிப்பீட்டையும் சேர்த்துக் காட்டினார்கள். சிலவற்றில் வேண்டுமென்றே தவறான மதிப்பீடு. ஏஐ சரியாகச் சொன்னபோது அனுபவம் குறைந்தவர்கள் 79.7 சதவீதம் சரியாகப் படித்தார்கள். தவறாகச் சொன்னபோது அது 19.8க்கு விழுந்தது. நன்கு அனுபவம் பெற்றவர்களே 82.3இலிருந்து 45.5க்கு இறங்கினார்கள். இவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்லர். கண்ணுக்கு முன்னால் ஒரு பதில் எழுதியிருந்தால் மூளை அதிலிருந்துதான் யோசிக்கத் தொடங்கும்.

இன்னொரு வகைத் தேய்மானமும் உண்டு. போலந்தில் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்யும் மருத்துவர்களைப் பற்றி 2025இல் வெளியான ஆய்வில், ஏஐ துணை வந்த பிறகு, அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் கட்டி கண்டுபிடிக்கும் விகிதம் 28.4இலிருந்து 22.4 சதவீதத்துக்குக் குறைந்திருந்தது. ஏஐயைச் சரிபார்க்க வேண்டிய கண்ணே ஏஐயோடு பழகி மழுங்குகிறது.

மருத்துவ மென்பொருள் விபத்துகளில் மிக அதிகம் பேசப்படும் தெராக்-25 கதிர்வீச்சுக் கருவியிலும் இதுவே நடந்தது. 1985 முதல் 1987 வரை குறைந்தது ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு போனது. முந்தைய மாதிரிகளில் இருந்த தனி வன்பொருள் தடுப்புகளை எடுத்துவிட்டு மென்பொருளையே நம்பினார்கள். திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வரும், அதற்கு என்ன அர்த்தம் என்று கையேட்டில் தெளிவாக இல்லை. இப்படிப்பட்ட செய்திகள் அன்றாடம் வந்துகொண்டே இருந்ததால், தொடர்வதற்கான பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போவது கருவியை இயக்குபவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. இன்றைய வார்டுகளில் அலாரத்தை மூடும் விரலும் அதே பழக்கத்தில்தான் இயங்குகிறது.

ஐரோப்பிய ஏஐ சட்டத்தின் 14ஆம் பிரிவு இந்த ஆபத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: மேற்பார்வை செய்பவருக்கு, கருவியை அளவுக்கு மீறி நம்பிவிடும் போக்கு பற்றி விழிப்பு இருக்க வேண்டும். ஆனால் விழிப்பு என்பதை எண்ணாக மாற்றாவிட்டால் அது வெறும் அறிவுரை. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஸ்கேன், ஏஐயின் முடிவோடு ஒருவர் எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறார், மறுத்தவற்றில் எத்தனை சரி? இந்த மூன்றையும் மாதாமாதம் பார்க்காத இடத்தில் 'மனித மேற்பார்வை' காகிதத்தில்தான் இருக்கிறது. மறுப்பு விகிதம் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் கருவி அபாரம் என்று மகிழ வேண்டாம். யாரும் பார்ப்பதில்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

எண்கள் எங்கே ஏமாற்றுகின்றன

நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தினரைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிடும் என்று ஒரு கருவியை விற்கிறார்கள். ஆய்வில் பாதிப்பேர் நோயாளிகள் என்றால், 1,000 பேரில் 450 உண்மை அலாரம், 50 பொய் அலாரம். அலாரம் அடித்தால் பத்தில் ஒன்பது உண்மை. அதே கருவியை 100இல் ஒருவருக்கே நோய் உள்ள இடத்தில் வையுங்கள். 10,000 பேரில் 100 நோயாளிகள், அதில் 90 பேர் பிடிபடுவார்கள், 10 பேர் தப்புவார்கள். நோயில்லாத 9,900 பேரில் 990 பேருக்குப் பொய் அலாரம். மொத்தம் 1,080 அலாரத்தில் 90தான் உண்மை, அதாவது பன்னிரண்டில் ஒன்று. கருவியில் ஒன்றும் மாறவில்லை. இடம் மாறியது, அவ்வளவுதான். மூன்று வாரத்தில் செவிலியர்கள் அந்தச் சத்தத்தைக் காதில் வாங்குவதையே நிறுத்திவிடுவார்கள்.

இது வெறும் கணக்கும் அல்ல. மருத்துவமனை மென்பொருள் விற்கும் எபிக் நிறுவனத்திடம், செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் ஆபத்தான நிலை) வருவதை முன்னறிவிக்கும் ஏஐ மாதிரி ஒன்று உண்டு. அதை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனைத் தரவில் சோதித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், அது செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரைத் தவறவிட்டிருந்தது. அதே நேரம் அனுமதிக்கப்பட்டவர்களில் 18 சதவீதத்தினருக்கு எச்சரிக்கை அடித்தது. நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்த கருவி அது.

படம் படிக்கும் கருவிகளின் தவறு இன்னும் நுட்பமானது. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருப்பதைக் கண்டுபிடிக்கப் பயிற்றுவித்த மாதிரிகள், நெஞ்சில் ஏற்கனவே வடிகுழாய் செருகியிருக்கும் படங்களில் சிறப்பாகவும், குழாய் இல்லாத படங்களில் மோசமாகவும் செய்தன. குழாய் செருகியவருக்கு ஏற்கனவே நோய் தெரிந்து சிகிச்சையும் ஆகிவிட்டது. தெரிய வேண்டியது குழாய் இல்லாதவருக்குத்தான். மாதிரி நோயைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்த்தது. சராசரி மதிப்பெண் இதைப் பூசி மெழுகிவிடும். பயிற்சித் தரவில் எதை இலக்காக வைத்தார்கள் என்பதிலும் இதே கோளாறு வரும். அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று கணிக்கும் ஒரு மென்பொருள், நோயின் அளவுக்குப் பதில் மருத்துவச் செலவை அளவாக எடுத்துக்கொண்டது. அதே அளவு நோயிருந்தும் குறைவாகச் செலவழிக்கப்பட்ட கறுப்பின நோயாளிகள் பின்னுக்குப் போனார்கள். அந்தக் கோணலைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவர் பங்கு 17.7இலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று 2019இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது.

எல்லாவற்றிலும் சத்தமே இல்லாத பழுது வேறொன்று. ஸ்கேன் கருவியிலிருந்து ஏஐக்குப் படங்கள் தாமாகப் போக, 'தலை, கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரியச் செலுத்தும் மருந்து) இல்லாமல்' என்பதுபோன்ற பெயரை வைத்து ஒரு விதி எழுதியிருப்பார்கள். ஒருநாள் டெக்னீஷியன் புதிய புரோட்டோகால் (படமெடுக்கும் அமைப்பு) ஒன்றை வேறு பெயரில் சேமிக்கிறார். அன்று முதல் அந்தப் படங்கள் ஏஐக்குப் போகவே போகாது. பிழைச் செய்தியும் வராது. ரேடியாலஜிஸ்டின் திரையில் அலாரம் இல்லை. 'பார்த்தது, ஒன்றுமில்லை' என்பதற்கும் 'பார்க்கவே இல்லை' என்பதற்கும் திரையில் ஒரே தோற்றம். இதற்கு மருந்து எளிது: படிக்கப்படாத ஸ்கேனுக்குத் தனி நிறத்தில் ஒரு குறி, தினமும் காலையில் எடுத்த ஸ்கேன் எண்ணிக்கையையும் ஏஐ படித்த எண்ணிக்கையையும் ஒப்பிடும் ஐந்து நிமிட வேலை. இதே விதியில் வயது வரம்பும் இருக்க வேண்டும். பெரியவர்களின் படங்களில் பயின்ற மென்பொருளுக்குக் குழந்தையின் படம் போய்ச்சேர்ந்தால், அனுமதிக்குப் புறம்பான பயன்பாடு என்று நிறுவனம் கைகழுவிவிடும். வரம்பு போடாதது மருத்துவமனையின் தவறாகிவிடும்.

மருத்துவமனை செய்ய வேண்டியது

பொறுப்பின் கனமான பங்கு நிறுவன அளவில் மருத்துவமனையிடம் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. கருவியைத் தேர்ந்தெடுப்பது, எந்த மதிப்பெண்ணுக்கு மேல் அலாரம் அடிக்க வேண்டும் என்ற எல்லைக்கோட்டை அமைப்பது, ஆள் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது எல்லாம் அதுதான். இரவு ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கும் டாக்டரிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

வாங்கும் முன் மௌன ஓட்டம் ஒன்று வேண்டும். கருவி பின்னணியில் ஓடும், முடிவைப் பதிவு செய்யும், சிகிச்சை தரும் யாருக்கும் காட்டாது. எத்தனை நாள் என்பதைவிட எத்தனை நோயாளிகள் என்பதே முக்கியம். "50 கசிவு ஸ்கேன்களில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை" என்று கேட்டால் நிம்மதியாக இருக்கும். ஒரு எளிய புள்ளியியல் விதி உண்டு: தவறே இல்லாமல் முடிந்த சோதனையில், உண்மையான தவறு விகிதம் 3ஐ எண்ணிக்கையால் வகுத்த அளவு வரை இருக்கக்கூடும். 3 வகுத்தல் 50, அதாவது 6 சதவீதம் வரை. நூற்றுக்கு ஒன்றுக்கும் மேல் தவறாது என்று சொல்ல 300 உண்மை நோயாளிகள் வேண்டும். அவர்களுக்குள் முதியவர்கள், குழந்தைகள், நகரும் எக்ஸ்ரே கருவியில் படமெடுத்தவர்கள் என்று பிரித்துப் பார்த்தால் எண்ணிக்கை சட்டென்று மெலிந்துவிடும். மெலிந்த பிரிவுகளுக்குக் கருவியைத் திறக்காமல் வைப்பதே ஒழுங்கு.

எல்லைக்கோடு சட்டரீதியாக வழுக்கும் இடம். நிறுவனம் 0.40க்கு மேல் அலாரம் என்று அமைத்து அனுப்புகிறது. பொய் அலாரம் தாங்காமல் மருத்துவமனை அதை 0.60க்கு உயர்த்துகிறது. மேலே சொன்ன 0.38 படம் முதல் அமைப்பிலும் தப்பியிருக்கும், அது நிறுவனத்தின் கேள்வி. 0.52 வாங்கித் தப்பிய நோயாளிக்குப் பதில் சொல்ல வேண்டியது மருத்துவமனை. உயர்த்துவது தவறு என்று சொல்லவில்லை. யார், எந்தத் தரவை வைத்து, என்றைக்கு முடிவு செய்தார்கள் என்ற கூட்டக் குறிப்பு இருந்தால் அது ஒரு மருத்துவ முடிவு. ஐடி பிரிவில் ஒருவர் புகார் தாங்காமல் மாற்றியிருந்தால் அதுவே எதிர்த்தரப்பின் முதல் சான்று.

வெர்ஷன் மாற்றமும் அப்படித்தான். மாதிரியில் என்னென்ன மாறலாம், எப்படிச் சோதிப்பார்கள் என்பதை முன்கூட்டியே எழுதி அனுமதி பெறும் முறையை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 டிசம்பரில் இறுதி செய்தது. நிறுவனத்துக்கு அது வசதி. மருத்துவமனைக்கு அதிலுள்ள பாடம், அப்டேட் வரும் என்பது உறுதி என்பதுதான். சரியான விடை தெரிந்த 200, 300 படங்களைப் பூட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும், ஸ்கேன் கருவியே மாறினாலும், ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்பு பிடித்ததை இப்போது விட்டால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் என்றதும் நினைவுக்கு வருவது, பலரும் கையெழுத்திட்ட பிறகே படிக்கும் இரண்டு வரிகள். ஒன்று, நிறுவனத்தின் பொறுப்பு கடந்த 12 மாதங்களில் கட்டிய சந்தாத் தொகைக்கு மேல் போகாது என்ற வரம்பு. நிரந்தர மூளைப் பாதிப்புக்கான இழப்பீட்டின் முன் அந்தத் தொகை கால் தூசு. இரண்டாவது, கருவியைப் பயன்படுத்துவதால் வரும் எல்லாக் கோரிக்கைகளிலிருந்தும் நிறுவனத்தை மருத்துவமனையே காக்க வேண்டும் என்ற உறுதிமொழி. இந்த இரண்டும் இருந்தால் ஆபத்து முழுவதும் வாங்கியவர் தலையில். வடிவமைப்புக் குறைபாட்டுக்கு வரம்பு பொருந்தாது என்றும், வேறு மருத்துவமனையில் கண்ட குறைபாட்டை இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் எழுதி வாங்க வேண்டும்.

பதிவில் என்ன இருக்க வேண்டும்

இரண்டு ஆண்டு கழித்து வழக்கு வரும்போது எல்லாரும் கேட்பது ஒன்றே: அந்த நேரத்தில் திரையில் என்ன தெரிந்தது? நோயாளியின் கோப்பில் 'ஏஐ பார்க்கப்பட்டது' என்று ஒரு வரி இருந்து பயனில்லை. மென்பொருளின் வெர்ஷன் எண், எந்தப் படத் தொகுப்பு உள்ளே போனது, வெளிவந்த மதிப்பெண், அப்போதைய எல்லைக்கோடு, முடிவு திரைக்கு வந்த நொடி, யார் எப்போது திறந்தார், அதற்கு முன் என்ன எழுதியிருந்தார், பின் என்ன மாற்றினார், மறுத்தால் ஏன். கடைசி மூன்றும் கிடைக்க வேண்டுமானால் வேலை ஓட்டமே அதற்கேற்ப அமைய வேண்டும். மருத்துவர் முதலில் தன் கருத்தைப் பதிய வேண்டும், அதன் பிறகுதான் ஏஐயின் முடிவு திறக்க வேண்டும். இது நேரம் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் முடியாது என்றால் தவறினால் உயிர் போகும் நோய்களுக்காவது வேண்டும்.

ஐரோப்பிய ஏஐ சட்டம் அதிக ஆபத்துள்ள கருவிகளின் பதிவுகளைக் குறைந்தது ஆறு மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. மருத்துவ வழக்குகளுக்கு ஆறு மாதம் ஒன்றுமே இல்லை. வழக்குத் தொடுக்கும் காலவரம்பு ஆண்டுக்கணக்கில் போகும், நோயாளி குழந்தை என்றால் இன்னும் நீளும். ஸ்கேனை எவ்வளவு காலம் வைத்திருக்கிறோமோ அவ்வளவு காலம் அதன் ஏஐ பதிவும் இருக்க வேண்டும்.

எழுதும் ஏஐ

மருத்துவர் நோயாளி உரையாடலைக் கேட்டுக் குறிப்பு எழுதித்தரும் கருவிகள் பல நாடுகளில் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் வராமலே நுழைந்துவிடுகின்றன. அதனால் சோதனையும் குறைவு. பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மென்பொருளைச் சோதித்து 2024இல் வெளிவந்த ஆய்வில், ஏறக்குறைய 1 சதவீத ஒலித்துண்டுகளில் யாரும் பேசாத வாக்கியங்கள் முளைத்திருந்தன. பேச்சின் நடுவே மௌனம் நீளும்போது இது கூடுகிறது. திக்கித்திக்கிப் பேசும் பக்கவாத நோயாளியை நினைத்துப் பாருங்கள்.

இத்தகைய குறிப்பில் முதலில் தேட வேண்டியவை நான்கு: 'இல்லை' என்ற சொல் விழுந்துபோதல் (பென்சிலின் ஒவ்வாமை இல்லை என்றது 'ஒவ்வாமை' என்றாகும்), இடது வலது மாறுதல், மருந்து அளவில் புள்ளி நகர்தல், செய்யாத பரிசோதனை செய்ததாக எழுதப்படுதல். நான்காவதுதான் சட்டப்படி மிகக் கொடியது. 'இதய ஒலி இயல்பு' என்று இயந்திரம் தானாக நிரப்பிய வரியின் கீழ் கையெழுத்துப் போட்டவர், செய்யாததைச் செய்ததாகப் பொய் ஆவணம் உருவாக்கியவராகிறார். இங்கே கருவியைக் குறை சொல்லித் தப்ப முடியாது.

விற்பவர்கள் சொல்லும் துல்லிய எண்களையும் அப்படியே விழுங்கக் கூடாது. லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவான தவறு என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தோடு டெக்சஸ் மாநில அட்டர்னி ஜெனரல் 2024 செப்டம்பரில் உடன்பாடு செய்துகொண்டார். அந்த எண் ஏமாற்றக்கூடியது என்பது குற்றச்சாட்டு. நோயாளியிடம் நேரடியாகப் பேசும் சாட்பாட் வைத்தால் அதன் வாய்க்கு வைத்தவரே பொறுப்பு. மருத்துவத்துக்கு வெளியே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற வாதத்தை 2024இல் கனடாத் தீர்ப்பாயம் ஏர் கனடா வழக்கில் ஏற்கவில்லை. இந்தியாவின் 2020 தொலைமருத்துவ வழிகாட்டுதல் இன்னும் கறாரானது: ஏஐ மருத்துவருக்கு உதவலாம், நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது.

நோயாளியிடம் சொல்ல வேண்டுமா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. பிரிட்டனின் 2015 மான்ட்கோமரி தீர்ப்பு, அந்த நோயாளியின் நிலையில் ஒருவர் முக்கியமெனக் கருதும் அபாயத்தைச் சொல்ல வேண்டும் என்றது. வரிசை மாற்றும் கருவிக்கு ஒப்புதல் படிவம் தேவைப்படாது. அறுவை வேண்டாம் என்ற முடிவுக்கு ஏஐ மதிப்பெண் முக்கிய காரணமென்றால் சொல்லியே ஆக வேண்டும். உரையாடலைப் பதிவு செய்தால் தொடங்கும் முன்பே கேட்க வேண்டும்.

தவறு நேர்ந்த அன்று

முதல் கவனம் நோயாளிக்கு. அடுத்தது, அதே தவறு இன்னும் எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது என்பது. மனிதத் தவறு பெரும்பாலும் ஒருவரோடு நிற்கும். மென்பொருள் தவறு அதே வெர்ஷன் ஓடிய எல்லாருக்கும் பரவியிருக்கும். முந்தைய அப்டேட் வந்த தேதியிலிருந்து அதே வகை ஸ்கேன்களை எடுத்து, 'ஒன்றுமில்லை' என்று ஏஐ சொன்னவற்றில் எல்லைக்கோட்டுக்கு நெருங்கிய மதிப்பெண் பெற்றவற்றை முதலில் மறுபடி படிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு அடுத்த வாரம் இரண்டாவது நோயாளி வந்தால், அந்த வழக்கில் தற்காப்பே கிடையாது.

அதற்கு இணையாக, கருவியை நிறுத்தலாம், ஆனால் தொடக்கூடாது. நிறுவனத்தின் ஆதரவுப் பிரிவுக்குப் போன் செய்தால், நல்லெண்ணத்தோடேயே "சரிசெய்துவிட்டோம், புது வெர்ஷன் போட்டுவிட்டோம்" என்பார்கள். அந்த ஒரு அழைப்பில் சான்று அழிந்துவிடும். கிளவுடில் ஓடும் கருவிகளின் பதிவுகள் 30 அல்லது 90 நாளில் தாமாக அழியும்படி அமைந்திருப்பதும் உண்டு. எனவே போனுக்கு முன் கடிதம்: இந்தத் தேதி, இந்த ஸ்கேன் எண், இந்த வெர்ஷன், தொடர்புள்ள எல்லாப் பதிவுகளையும் ஏஐ மாதிரியின் கோப்பையும் அழிக்காமல் வைத்திருங்கள், எங்கள் எழுத்து மூல ஒப்புதலின்றி எதையும் மாற்ற வேண்டாம். கடிதம் போன நேரத்தையும், பெற்றுக்கொண்டதற்கான பதிலையும் கோப்பில் வைத்துக்கொண்டு, அதன் பிறகு போனை எடுக்கலாம்.